கண் திறந்திருக்கிறது, பதில் இல்லை: எந்தப் பரிசோதனையை முதலில் கேட்பது?

விபத்து நடந்து மூன்று மாதம் ஆகியிருக்கும். வென்டிலேட்டரை எடுத்தாயிற்று. மூச்சுக்குக் கழுத்தில் ட்ரக்கியாஸ்டமி துளை, உணவுக்கு மூக்கில் ரைல்ஸ் ட்யூப். கண் திறக்கிறது, மூடுகிறது, தூங்கி எழுகிறார். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் இல்லை. இந்தக் கட்டத்தில் வீட்டில் யாராவது ஒருவர், மூளை அலையைப் படித்து நோயாளியைப் ‘பேச வைக்கும்’ தொப்பியைப் பற்றி எங்காவது படித்துவிட்டு வருவார். அதை எங்கே செய்கிறார்கள், எவ்வளவு ஆகும் என்று விசாரணை தொடங்கிவிடும்.

அந்த ஆசை நியாயமானது. அதற்குப் பின்னால் உண்மையான அறிவியலும் இருக்கிறது. ஆனால் அந்தத் தொப்பி இந்த வரிசையில் நான்காவது படி. முதல் படியைச் சரியாகச் செய்யாமல் நான்காவதற்குத் தாவும் குடும்பங்கள் பணத்தை இழக்கின்றன, சில சமயம் நம்பிக்கையையும் இழக்கின்றன. படுக்கையோரப் பரிசோதனை, மூளையின் மின் அலையைப் பதியும் ஈஈஜி, ஸ்கேன், பதில் வாங்கும் மூளை-கணினி இடைமுகம் (அந்தத் தொப்பி இதுதான்), மண்டைக்குள் பதிக்கும் கருவி என்று ஐந்து வழிகள் இன்று பேசப்படுகின்றன. எந்தச் சூழலில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதுதான் இங்கே கேள்வி.

அதற்கு முன் நோயாளியின் நிலைக்கு என்ன பெயர் என்று தெரிந்துகொள்ள வேண்டும். வீட்டில் எல்லாவற்றையும் ‘கோமா’ என்றே சொல்கிறோம். கோமாவில் கண் திறக்காது. பெரும்பாலும் சில வாரங்களுக்கு மேல் அது நீடிப்பதில்லை. கண் திறந்தும் எந்த நோக்கமுள்ள அசைவும் இல்லாத நிலையை முன்பு ‘வெஜிடேட்டிவ்’ என்றார்கள். அந்தச் சொல் மனிதரை இழிவுபடுத்துகிறது என்பதால், விழித்திருந்தும் எதிர்வினை இல்லாத நிலை என்று பொருள்படும் பெயரை 2010-ல் முன்வைத்தார்கள். இதற்கு அடுத்தது குறைந்தபட்ச சுயநினைவு நிலை. 2002-ல் இதற்கு வரையறை வந்தது. எப்போதாவது ஒருமுறை கண்ணால் பின்தொடர்வார், எப்போதாவது சொன்னதைச் செய்வார்.

நான்காவது ஒரு கூட்டமும் உண்டு. உடல் துளியும் அசையாது, ஆனால் சொன்னதைக் கேட்டு மூளை வேலை செய்யும். நியூயார்க்கின் நரம்பியல் நிபுணர் நிக்கோலஸ் ஷிஃப் 2015-ல் இதற்கு ‘அறிவு-இயக்கப் பிளவு’ என்று பொருள்படும் பெயரைக் கொடுத்தார். மூளை-கணினி இடைமுகம் பற்றிய பேச்சு முழுவதும் இவர்களைத் தேடித்தான்.

படுக்கையோரம்: செலவு குறைவு, பலன் அதிகம்

2004-ல் ஜோசப் ஜியாசினோ குழு திருத்தி வெளியிட்ட கோமா மீட்சி அளவுகோலைத்தான் உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். சிஆர்எஸ்-ஆர் என்று கேட்டால் நரம்பியல் மறுவாழ்வுத் துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும். கேட்டல், பார்வை, கை கால் அசைவு, வாய் அசைவு, தொடர்புகொள்ளுதல், விழிப்பு என்று 6 பகுதிகள், மொத்தம் 23 மதிப்பெண். பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம். பயிற்சி பெற்ற ஒருவரும் அரை மணி நேரப் பொறுமையும் போதும்.

எவ்வளவு நுணுக்கமான வேலை என்பதற்குப் பார்வைப் பகுதியையே பாருங்கள். நோயாளியை முடிந்தவரை நிமிர்த்தி உட்கார வைக்கிறார்கள். கையளவு கண்ணாடியை முகத்துக்கு நேரே, அவர் முகம் அவருக்கே தெரியும்படி பிடிக்கிறார்கள். பிறகு மெதுவாக வலப்பக்கம், இடப்பக்கம், மேலே, கீழே நகர்த்துகிறார்கள். கண் விட்டுவிடாமல் கூடவே வருகிறதா? விரலையோ பேனாவையோ பின்தொடராத கண், தன் முகத்தைப் பின்தொடர்வது உண்டு. ஒலி வரும் பக்கம் திரும்புகிறாரா என்று பார்க்கும்போதும், மணி அடிப்பதைவிடப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது நன்றாக வேலை செய்கிறது. இப்படி ஒரு பின்தொடர்தல் உறுதியானாலே நோயாளியின் வகைப்பாடு மாறிவிடும். மறுவாழ்வுத் திட்டமும் மாற வேண்டும்.

வார்டில் பார்த்தே சொல்லிவிடலாமே என்று நினைக்கலாம். 2009-ல் வெளியான ஓர் ஆய்வில், மருத்துவக் குழு சேர்ந்து ‘எதிர்வினை இல்லை’ என்று முடிவு செய்த 44 பேரை இந்த அளவுகோலால் பார்த்தபோது, 18 பேருக்குக் குறைந்தபட்ச சுயநினைவு இருந்தது. 41 சதவீதம்! இன்னொன்று: ஒரு தடவை பார்த்துவிட்டு முடிவு சொல்வதும் போதாது. பெல்ஜியத்தின் லியேஜ் குழு 2017-ல், ஒரே ஒரு பரிசோதனையை நம்பினால் 36 சதவீதம் பேருக்குத் தவறான முடிவு கிடைக்கும் என்று காட்டியது. இரண்டு வாரத்துக்குள் குறைந்தது ஐந்து முறை பார்க்க வேண்டும் என்பது அவர்கள் பரிந்துரை. காலை, மதியம், குளித்த பிறகு, தூக்கம் கலைந்த பிறகு என்று நேரத்தை மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும்.

குடும்பத்துக்கும் இதில் பெரிய பங்கு இருக்கிறது. உடல் முழுக்க முடங்கி, கண்ணை மேலும் கீழும் மட்டும் அசைக்க முடிகிற ‘லாக்ட்-இன்’ நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டவர்களிடம், நினைவு இருக்கிறது என்று முதலில் கண்டது குடும்பத்தினர். அம்மாவோ மனைவியோ “நான் வந்தா கண்ணு மாறுது” என்று சொன்னால், ஆசையில் சொல்கிறார்கள் என்று ஒதுக்கக் கூடாது. எந்த நேரம், எந்தப் பக்கம், என்ன கேட்டபோது என்று தேதி போட்டு நோட்டில் எழுதி வைத்து, டாக்டரிடம் காட்டுங்கள். செல்போனில் வீடியோ இருந்தால் இன்னும் நல்லது.

லாக்ட்-இன் என்று உறுதியானால் தொப்பி, ஸ்கேன் எதுவும் உடனடியாக வேண்டாம். மேலே பார்த்தால் ஆம், கீழே பார்த்தால் இல்லை என்று பழக்கி, ஓர் எழுத்துப் பலகை வைத்துக்கொண்டால் அன்றைக்கே பேச்சைத் தொடங்கலாம். தமிழில் 247 எழுத்தையும் பலகையில் போட்டால் ஆள் களைத்துப் போவார். மெய் வரிசை ஒரு பக்கம், உயிர் வரிசை ஒரு பக்கம் என்று பிரித்து, இரண்டு தேர்வில் ஓர் எழுத்து வரும்படி வைத்துக்கொள்ளலாம்.

இந்தப் படியிலேயே கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி: மருந்து மயக்கமா? வலிப்புக்கும் தசை இறுக்கத்துக்கும் கொடுக்கும் சில மாத்திரைகள் விழிப்பைக் குறைக்கும். வெளியே தெரியாத வலிப்பு, மூளையில் நீர் கோர்ப்பது, நோய்த்தொற்று, காது கேளாமை எல்லாமே ஆளைப் பதில் இல்லாதவராகக் காட்டும். இவற்றைப் பார்க்காமல் லட்சக்கணக்கில் செலவழித்து எந்தக் கருவியை மாட்டினாலும் முடிவு பொய்யாக வரும்.

ஈஈஜி: இரண்டாவது படி

படுக்கையோரத்தில் ஐந்து முறை பார்த்தும் எதுவும் கிடைக்கவில்லை என்றால், அல்லது ஒரு நாள் இருப்பதுபோலவும் மறுநாள் இல்லாததுபோலவும் இருந்தால், நான் அடுத்துக் கேட்பது ஈஈஜி.

நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் யான் கிளாசன் குழு செய்தது எளிமையான யோசனை. ஐசியுவில் வழக்கமாகப் போடும் அதே ஈஈஜியைப் போட்டு, காதில் ஹெட்போன் வழியே “வலது கையைத் திறந்து மூடிக்கொண்டே இருங்கள்” என்று சொல்கிறார்கள். சில வினாடிகள் கழித்து “நிறுத்துங்கள்” என்று சொல்கிறார்கள். இப்படித் திரும்பத் திரும்ப. கை அசையாது. ஆனால் இரண்டு கட்டளைக்கும் இடையே மூளை அலையில் வித்தியாசம் இருக்கிறதா என்று கணினி தேடுகிறது. 2019-ல் வெளியான முடிவின்படி, 104 நோயாளிகளில் 16 பேரிடம் அந்த வித்தியாசம் இருந்தது, அதுவும் காயம்பட்ட சில நாட்களிலேயே. ஒரு வருடம் கழித்து, இந்த 16 பேர் அடங்கிய கூட்டத்தில் 44 சதவீதம் பேர் ஒரு நாளில் எட்டு மணி நேரமாவது பிறர் துணையின்றி இருக்கும் அளவுக்குத் தேறினார்கள். வித்தியாசம் காட்டாதவர்களில் அப்படித் தேறியது 14 சதவீதம். ‘பிழைப்பாரா, எழுவாரா’ என்ற கேள்விக்கு இவ்வளவு சீக்கிரத்தில் இப்படி ஒரு குறிப்பு கிடைப்பது பெரிய விஷயம்.

ஆளை எங்கும் கொண்டுபோக வேண்டாம், படுக்கையிலேயே செய்யலாம், நாலு நாள் கழித்து மறுபடி செய்யலாம். நம் ஊர் நரம்பியல் பிரிவுகளில் ஈஈஜி கருவி புதிதல்ல. கட்டளை கொடுத்து அலையைப் பிரித்துப் பார்க்கும் அந்தப் பகுப்பாய்வுதான் வழக்கமான சேவையாக இல்லை. ஆராய்ச்சி நடக்கும் மருத்துவமனைகளில் அதைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

இதன் பலவீனத்தையும் சொல்ல வேண்டும். 2011-ல் இதேபோன்ற ஈஈஜி முறையில் 16 பேரில் 3 பேருக்கு நினைவு இருப்பதாக ஒரு ஆய்வு வந்தது. 2013-ல் வேறொரு குழு அதே தரவை எடுத்துப் பார்த்து, புள்ளியியல் கணக்கு நிற்கவில்லை என்று மறுத்தது. தசை துடிப்பு, இமை அசைவு எல்லாம் மூளை அலைபோல வேடம் போடும். அதனால் “மெஷின் பச்சை காட்டியது” என்று யாராவது சொன்னால் மகிழ்வதற்கு முன், எத்தனை முறை செய்தீர்கள், தற்செயலாக வரக்கூடிய அளவு எவ்வளவு என்று கேளுங்கள்.

கட்டளை எந்த மொழியில் தரப்பட்டது என்றும் கேளுங்கள். தமிழ் மட்டும் தெரிந்த ஒரு விவசாயியிடம் ஆங்கிலத்தில் பதிவு செய்த கட்டளையை ஓடவிட்டு ‘எதிர்வினை இல்லை’ என்று எழுதினால் அந்த அறிக்கைக்கு எந்த மதிப்பும் கிடையாது.

ஸ்கேன்: கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் ஏங்க வேண்டாம்

இந்தத் துறையையே தொடங்கி வைத்தது, மூளையின் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று காட்டும் செயல்பாட்டு எம்ஆர்ஐதான். 2006-ல் கேம்பிரிட்ஜில் ஏட்ரியன் ஓவன் குழு, எதிர்வினை இல்லாத 23 வயதுப் பெண்ணிடம் டென்னிஸ் ஆடுவதாகவும் வீட்டின் அறைகளுக்குள் நடப்பதாகவும் கற்பனை செய்யச் சொன்னது. அவருடைய மூளையில், ஆரோக்கியமானவர்களுக்கு எங்கே வெளிச்சம் தெரியுமோ அங்கேயே தெரிந்தது. 2010-ல் அதை ஆம், இல்லை என்று மாற்றினார்கள். டென்னிஸ் என்றால் ஒன்று, வீடு என்றால் மற்றொன்று. 54 பேரில் 5 பேரால் கட்டளைப்படி மூளையை இயக்க முடிந்தது. அதில் ஒருவர் 6 கேள்விகளில் 5-க்குச் சரியாகப் பதில் சொன்னார். படுக்கையோரத்தில் அவரிடமிருந்து ஒரு பதிலும் வாங்க முடிந்ததில்லை. 2012-ல் கனடாவில், பன்னிரண்டு வருடம் பதிலற்றுக் கிடந்த ஒருவர் தனக்கு வலி இல்லை என்று இதே முறையில் தெரிவித்தார்.

படிக்கும்போது உடம்பு சிலிர்க்கிறது. ஆனால் ஒரு குடும்பத்தின் முடிவு என்று வரும்போது நடைமுறையைப் பார்க்க வேண்டும். ஆளை ஸ்கேன் அறைக்குக் கொண்டுபோக வேண்டும், படுத்தபடி அசையாமல் இருக்க வேண்டும், சளி உறிஞ்சும் குழாயும் கண்காணிப்பும் கூடவே போக வேண்டும். நீர் வடிக்கும் ஷண்ட் வைத்திருந்தால், அது எம்ஆர்ஐக்குள் போகலாமா, வெளியே வந்ததும் மறுபடி சரிசெய்ய வேண்டுமா என்று முன்கூட்டியே கேட்க வேண்டும். இவ்வளவு செய்தும், அந்த ஒரு மணி நேரம் அவர் தூங்கிப்போனால் எல்லாம் வீண். தினமும் பேச இதைப் பயன்படுத்த முடியாது.

பெட் ஸ்கேனைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை, பேச வேண்டும். சென்னையிலும் மற்ற பெருநகரங்களிலும் புற்றுநோய்க்காக ஏற்கெனவே இருக்கும் கருவி அது. மூளை எவ்வளவு சர்க்கரையை எரிக்கிறது என்று பார்க்கிறது; நோயாளி எந்தக் கட்டளையையும் கேட்டுச் செய்ய வேண்டியதில்லை. இது ஏன் முக்கியம் என்றால், மொழியைப் புரிந்துகொள்ளும் பகுதி அடிபட்டவர், உள்ளே நினைவோடு இருந்தாலும், கட்டளை கொடுக்கும் எல்லாப் பரிசோதனையிலும் தோற்றுப்போவார். 2014-ல் லியேஜ் குழு ஒப்பிட்டபோது, குறைந்தபட்ச சுயநினைவில் இருப்பவர்களைப் பெட் ஸ்கேன் 93 சதவீதம் கண்டுபிடித்தது. செயல்பாட்டு எம்ஆர்ஐ பாதிக்கும் குறைவாகத்தான் கண்டுபிடித்தது. இதைச் சுயநினைவுக்காகப் படித்துப் பழகிய டாக்டர் கிடைப்பதுதான் கஷ்டம்.

‘இல்லை’ என்று வந்தால்?

2024-ல் ஆறு மையங்கள் சேர்ந்து வெளியிட்ட ஆய்வை இந்த விஷயத்தில் அக்கறை உள்ள எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். வெளியே எந்தக் கட்டளைக்கும் பதில் தராத 241 பேரில் 60 பேர், அதாவது நாலில் ஒருவர், ஈஈஜியிலோ எம்ஆர்ஐயிலோ கட்டளைக்கு மூளையால் பதில் தந்தார்கள். பெரும்பாலான செய்திகள் இதைத்தான் பேசின. அதே ஆய்வில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. படுக்கையோரத்தில் கண் முன்னாலேயே சொன்னதைச் செய்த 112 பேரையும் இதே பரிசோதனைக்கு உட்படுத்தினார்கள். அவர்களில் இயந்திரம் கண்டுபிடித்தது 43 பேரைத்தான். நினைவு இருப்பது உறுதியாகத் தெரிந்தவர்களிலேயே பத்தில் ஆறு பேரைத் தவறவிட்டிருக்கிறது.

ஆகவே ‘உண்டு’ என்று வந்தால், சரியான முறையில் செய்திருந்தால், அதை நம்பலாம். ‘இல்லை’ என்று வந்தால் அதை வைத்து எதையும் நிறுத்தக் கூடாது. பிசியோதெரபியை, பேசுவதை, வலி மருந்தை எதையும். பரிசோதனைக்குப் பணம் கட்டும் முன்பே குடும்பத்தில் எல்லோரும் உட்கார்ந்து இதைப் பேசி ஒத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அந்த ஒரு அறிக்கை வீட்டில் சண்டையைக் கிளப்பிவிடும்.

பதில் வாங்கும் தொப்பி

இப்போதுதான் எல்லோரும் கேட்கும் கருவிக்கு வருகிறோம். திரையில் எழுத்துகள் மின்னி, பார்க்கும் எழுத்தைக் கணினி கண்டுபிடிக்கும் முறையை 1988-லேயே ஃபார்வெல், டான்சின் இருவரும் செய்து காட்டினார்கள். எதிர்பார்த்த ஒன்று வந்ததும் சுமார் 300 மில்லி வினாடியில் மூளையில் எழும் பி300 என்ற அலைதான் அதற்கு அடிப்படை. தசைகள் படிப்படியாகச் செயலிழக்கும் ஏஎல்எஸ் என்ற நரம்பு நோய் வந்தவர்களுக்கு அது உதவுகிறது. நம் நோயாளிகளுக்கு உதவாது. கண்ணை ஓரிடத்தில் நிறுத்தவே முடியாதவர் எழுத்துப் பலகையை எப்படிப் பார்ப்பார்? அதனால் காது வழியாகவோ தோல் வழியாகவோ போகும் முறைகளை உருவாக்கினார்கள்.

தோல் வழி முறை இப்படி: இரண்டு மணிக்கட்டிலும் ஒவ்வொரு சின்ன அதிர்வுக் கருவி, மூன்றாவது ஒன்று காலிலோ முதுகிலோ. மூன்றாவதுதான் அடிக்கடி அதிரும், மணிக்கட்டுகள் அரிதாக. தலையில் ஜெல் வைத்த மின்முனைத் தொப்பி. காதில் “இடது கை அதிர்வதை மட்டும் மனதுக்குள் எண்ணுங்கள்” என்று வரும். அவர் உண்மையிலேயே எண்ணினால் இடது அதிர்வுக்கு மட்டும் பி300 எழும். இதில் தேறியவரிடம் அடுத்த கட்டமாக, ஆம் என்றால் இடது கையை எண்ணுங்கள், இல்லை என்றால் வலது கையை என்று கேட்கலாம். ஆஸ்திரியாவின் ஜி.டெக் நிறுவனம் இதற்கென்றே மைண்ட்பீகிள் என்ற கருவியை விற்கிறது.

நடைமுறையில் எப்படி? 2020-ல் வெளியான ஓர் ஆய்வில் 20 நோயாளிகளிடம் பத்து நாட்கள் இதைச் செய்தார்கள். தற்செயலாகவே 12.5 சதவீதம் சரியாக வரும். ஒவ்வொருவருடைய சிறந்த அமர்வை மட்டும் எடுத்தால் சராசரி 88 சதவீதம். எல்லா அமர்வுகளையும் சேர்த்தால் நடு மதிப்பு 21 சதவீதம். இந்த இடைவெளிதான் முழுக் கதை. ஒரு நல்ல நாள் வந்தால் ஆள் அபாரமாகச் செய்கிறார். பெரும்பாலான நாட்களில் ஒன்றும் இல்லை. விற்பவர் 88-ஐக் காட்டுவார். நீங்கள் 21-ஐக் கேளுங்கள்.

என் தீர்ப்பு இது: இதைக் கண்டறியும் கருவியாகப் பல நாட்கள் பயன்படுத்துவது பயனுள்ளது. வீட்டில் வாங்கி வைத்துத் தினமும் பேசும் கருவியாக, எதிர்வினையற்ற நோயாளிகளில் மிகச் சிலருக்கு மட்டுமே அது ஆகும். காது வழி முறையில் 2013-ல் ஓர் ஐரோப்பியக் குழு முயன்றபோது, உண்மையாகப் பதில் சொல்ல முடிந்தது லாக்ட்-இன் நோயாளி ஒருவரால் மட்டுமே.

பதில் வரத் தொடங்கினாலும் அவசரம் வேண்டாம். முதலில் விடை தெரிந்த கேள்விகள்: “உங்களுக்கு ரெண்டு பிள்ளைங்களா?” என்று கேட்டால், கொஞ்ச நேரம் கழித்து “உங்களுக்கு நாலு பிள்ளைங்களா?” என்றும் கேட்க வேண்டும். பல நாட்கள் இப்படி ஒத்துப்போன பிறகு வலி இருக்கிறதா, குளிர்கிறதா, டிவி வேண்டுமா என்று கேட்கலாம். சிகிச்சையை நிறுத்தலாமா, சொத்தில் கையெழுத்து என்பதெல்லாம் ஐந்துக்கு ஒன்று தவறாக வரக்கூடிய ஒரு ஆம்-இல்லையிடம் கேட்கவே கூடாத கேள்விகள். அப்படிக் கேட்பது அந்த மனிதருக்குச் செய்யும் அநியாயம்.

மண்டைக்குள் பதிப்பது

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 2022-ல் ஏஎல்எஸ் முற்றி, கண்ணைக்கூட அசைக்க முடியாத 34 வயதுக்காரர் ஒருவர், மூளையில் பதித்த இரண்டு சிறு மின்முனைத் தட்டுகள் வழியே, ஒலியின் சுருதியை ஏற்றி இறக்கி, நிமிடத்துக்கு ஏறத்தாழ ஓர் எழுத்து என்று வாக்கியம் அமைத்ததாக வெளியானது. அவருக்கு அறிவு தெளிவாக இருந்தது முன்பே தெரியும். கண்ணசைவு இருந்தபோதே சம்மதம் பெற்றார்கள். தலையில் அடிபட்டு நினைவே சந்தேகமாக இருப்பவரிடம் இந்த இரண்டும் கிடையாது. இன்றைய நிலையில் இந்த நோயாளிகளுக்கு இதை யாராவது பரிந்துரைத்தால், அது எந்த ஆராய்ச்சி, எந்த நெறிக்குழு அனுமதித்தது என்று எழுத்தில் கேளுங்கள்.

சரி, நான் எதைத் தேர்ந்தெடுப்பேன்?

விபத்தில் அடிபட்டு நாலு மாதத்துக்குள் இருக்கும் இளைஞர் என்றால், ஐந்து முறை சிஆர்எஸ்-ஆர், மருந்துப் பட்டியலைத் திருத்துதல், முடிந்தால் கட்டளை ஈஈஜி. கூடவே அமன்டடின் என்ற மருந்தைப் பற்றி டாக்டரிடம் கேட்பேன். 2012-ல் 184 பேரிடம் நடந்த சோதனையில், அடிபட்டு 4 முதல் 16 வாரத்துக்குள் இருந்தவர்கள் அதைக் கொடுத்த நான்கு வாரமும் வேகமாகத் தேறினார்கள். நிறுத்திய பிறகு அந்த வேகம் குறைந்தது. சாதாரண மாத்திரைதான். வலிப்பு உள்ளவர்களுக்கு ஆகுமா என்பதை டாக்டர் பார்க்க வேண்டும்.

மாரடைப்பில் மூளைக்கு ஆக்சிஜன் போகாமல் பாதிக்கப்பட்டு, அதன்பின் ஒரு வருடம் ஆனவர் என்றால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்வேன். விபத்துக் காயத்தைவிட இதில் மீட்சி அரிது. அமெரிக்க நரம்பியல் அகாடமி 2018-ல் ‘நிரந்தரம்’ என்ற சொல்லைக் கைவிட்டு ‘நாட்பட்ட’ என்று சொல்லத் தொடங்கியது. ஏனென்றால் தாமதமாகத் தேறியவர்கள் இருக்கிறார்கள். இங்கே முதலில் அளவுகோல், பிறகு கிடைத்தால் பெட் ஸ்கேன். தொப்பிக்கு வைத்திருந்த பணத்தைப் படுக்கைப் புண் வராத மெத்தைக்கும், நல்ல பிசியோதெரபிஸ்டுக்கும், இரவில் பார்த்துக்கொள்ள ஓர் ஆளுக்கும் கொடுப்பேன்.

ஈஈஜியிலோ ஸ்கேனிலோ ‘உண்டு’ என்று வந்து, கையும் கண்ணும் இன்னும் அசையவில்லை என்றால், அப்போது தொப்பி. வாங்காமல், ஒரு மையத்தில் இரண்டு வாரம் சேர்த்து. பரிசோதிக்கும் ஆட்களிடம் ஒவ்வொரு அமர்வுக்கும் எந்த நேரம், கடைசியாக எந்த மருந்து எப்போது கொடுக்கப்பட்டது, உட்கார்ந்திருந்தாரா படுத்திருந்தாரா, எந்த மொழியில் கட்டளை தரப்பட்டது, எத்தனை சதவீதம் சரி என்று தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். சராசரி மட்டும் போட்ட ஒரு பக்க அறிக்கையை வாங்கிக்கொண்டு வராதீர்கள்.